உள்பக்கம்

வடக்கு ரத வீதியில் கடை.
முதல் மாடி, கைக்குழந்தைப் பிரிவு.
பதினோரு மணி நேரம் நிற்கிறேன்
பாலியெஸ்டர் சீருடைச் சேலையில்.
கத்திரி வெயிலில் அதற்கு மூச்சு கிடையாது,
எனக்கும்தான்.

வலை வைத்த கவுனைத்தான் முதலில் காட்டச் சொல்வார்
பொன்னுலிங்கம் சார்.
ஜரிகை, பாசிமணி, முதுகில் ஒரு வண்ணத்துப்பூச்சி.
போட்டோவுக்கு நன்றாக இருக்கும்.
போட்டோ எடுத்து முடிந்த பின்னும்
பிள்ளை அதற்குள்தான் கிடக்கும்.

எந்தச் சட்டையையும் நான்
முதலில் உள்பக்கம் திருப்புவேன்.
வெளிப்பக்கம் நமக்கு.
மடிப்பில் குத்தி நிற்கும் நைலான் நூலும்
பிடரியில் உரசும் லேபிளும்
பேசத் தெரியாத ஆளுக்கு.

விரலால் தொட்டுப் பார்ப்பார்கள் எல்லாரும்.
விரல் பொய் சொல்லும்,
பாத்திரம் தேய்த்த விரல், பில் கிழித்த விரல்.
மேலுதட்டில் வைத்துப் பார்க்கணும்.
ஆள் வராத மத்தியானங்களில்
இந்த அலமாரி முழுவதையும்
ஒவ்வொன்றாக உதட்டில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.
யாரிடமும் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை ஒருத்தர் வந்தார்.
ராதாபுரம் பக்கம் காத்தாடியில் வேலை,
நகக்கண்ணில் கிரீஸ்.
“இருக்கிறதுலயே சின்னது எடுங்க.”
எடுத்தேன்.
“இதவிடச் சின்னது?”
எடுத்தேன்.
பையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை விரித்தார்.
ஹைகிரவுண்டு.
தங்கபுஷ்பம் குழந்தை, பெண்,
ஒன்று புள்ளி ஆறு நாலு.
“கண்ணாடி வழியாத்தான் பாத்தேன்.
எங்க பெரிய ஸ்பானர் நீளம் இருக்கும்.”
சொல்லிவிட்டு வெட்கப்பட்டு
கையை அகட்டிக் காட்டினார்.
அந்தக் கைகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம்
ஒன்றும் இல்லாமல் இருந்தது.

கம்பெனிக்காரர்கள் பிள்ளைகளை
மூன்று கிலோவில் ஆரம்பிக்கிறார்கள்.
அதற்குக் கீழே ஹேங்கர் கிடையாது.

சார் அந்தப் பக்கம் திரும்பியதும் சொன்னேன்:
“இங்கன ஒண்ணும் எடுக்காதீங்க.
கீழ வேட்டி செக்‌ஷன்ல மல் வேட்டி கேளுங்க,
வெள்ளை, கஞ்சி போடாதது.
ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்க.
சாம்பலா உதிர்ந்தா பருத்தி.
உருகி மணியா நின்னா திருப்பிக் குடுத்துருங்க.
நல்லா ரெண்டு தடவ அலசணும்,
வாசனை போட்டது ஒண்ணும் ஊத்தப்படாது.
முன்பக்கம் திறக்கிறாப்ல தைக்கச் சொல்லுங்க,
வயர் எல்லாம் இருக்கும்லா.
பொத்தான், ஊக்கு, கயிறு எதுவும் வேண்டாம்.
நர்சம்மாட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க.”

சீட்டின் பின்பக்கம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.
பிறகு என் சேலையைப் பார்த்தார், தன் சட்டையைப் பார்த்தார்.
“எங்களுக்கும் இந்தத் துணிதான்.
எண்பது மீட்டர் மேல நிப்பேன்,
ஊர்க் காத்து பூரா அங்கதான் இருக்கு.
சட்டைக்குள்ள மட்டும் வராது.”

“என்னட்டி, வெறுங்கையா அனுப்பிட்ட?”
“சைஸ் இல்ல சார்.”
உண்மைதானே.

அன்று ராத்திரி பேட்டையில், அடுப்படியில்,
சீருடை முந்தியில் ஒரு நூல் உருவிக் கொளுத்தினேன்.
சுருண்டு, உருகி,
கறுப்பாக ஒரு மணி.
தொட்டேன், அவசரப்பட்டு.
விரல் பொய் சொல்லவில்லை அப்போது.
காலையில் அதே சேலையைக் கட்டிக்கொண்டு
எட்டு நாற்பது பஸ்ஸைப் பிடித்தேன்.

சின்னதிலும் சின்னதாக ஒரு பருத்திச் சட்டை,
கழுத்து லேபிளைப் பிரித்து,
உள்பக்கம் வெளியே வர மடித்து
அடித்தட்டில் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.
அவர் இன்னும் வரவில்லை.
மூன்று கிலோ ஆக
நாள் எடுக்கும்.