காசோலை எண் 2216

வங்கி சொல்கிறது: இருப்பு நாலாயிரத்து எண்பது டாலர்.
என் நோட்டு சொல்கிறது: அவ்வளவு இல்லை.
நோட்டுக்குத்தான் தெரியும்
நான் எழுதிக் கொடுத்த எந்தெந்தத் தாள்
யார் யார் சட்டைப்பையில் இன்னும் தூங்குகிறது என்று.

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி உறைந்து கிடக்கிறது. ஓட்டல்களில் ஆளில்லை.
ஆளில்லாத கட்டிலுக்கு விரிப்பு எதற்கு?
எங்கள் சலவைக்கூடத்தின் ஆறு எந்திரங்களில்
மூன்று வாய் பிளந்து நிற்கின்றன.
கொதிகலனுக்கு மட்டும் பருவம் கிடையாது.
எரிவாயுக் கம்பெனி மாதம் தவறாமல்
கேட்காமலே கணக்கில் கைவிட்டு எடுத்துக்கொள்ளும்.
நான் கையெழுத்திட்டுக் கொடுத்த அனுமதிதான்.

நடப்புக் கணக்கு என்று பெயர்.
அதில் எதுவும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.
ஒரு வாசலில் வருகிறது, மறு வாசலில் போகிறது.
நடுவில் நான், கடிகாரத்தைப் பார்த்தபடி:
பகல் இரண்டுக்குமேல் போட்டால்
நாளைக்குத்தான் வரவு.

வெள்ளி சம்பள நாள்.
வெர்னா கவரைக் கிழிக்குமுன் வங்கியில் நிற்பாள்; வாடகை.
டோரீன் கைபேசியில் படம் எடுத்துப் போட்டுவிடுவாள்
படி இறங்குவதற்குள்.
எய்னோ காரின் வெயில்மறைப்பில் செருகிவைத்து
செவ்வாய்க்கிழமை நினைத்துக்கொள்வான்.
மனிதர்களைப் பற்றி நான் கற்றதெல்லாம்
ஒரு தாள் பணமாக எடுக்கும் நாட்கள்.
பெருமையில்லை. ஆனால் அதை நம்பித்தான்
வியாழன் இரவுகளில் கண் மூடுகிறேன்.

அப்புறம், ஓரின் மார்ட்டினோ.
வேன் ஓட்டினான். அதன் பின்கதவு நசுங்கியிருந்ததைப் பார்த்து
எல்லோர் முன்னாலும் கத்தினேன்.
சாவியைக் கொக்கியில் மாட்டினான், போனான்.
முதல் பனி இன்னும் விழவில்லை.
கடைசி வாரக் கூலி அறுநூற்றுப் பதினொன்று டாலர் நாற்பது சென்ட்,
தபாலில் அனுப்பினேன்.
திரும்பி வரவில்லை. பணமாகவும் ஆகவில்லை.
மாதக் கடைசியில் வங்கித்தாளையும் நோட்டையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிக் போடுவேன்.
2216க்கு நேரே மட்டும் வெள்ளை.
அதை அடுத்த பக்கத்துக்குத் தூக்கிப்போவேன்,
நவம்பர். டிசம்பர். ஜனவரி.

இந்த முறை ஓட்டலின் பணம் வரவில்லை.
அறுபது நாள் தவணை, எழுபத்து மூன்று ஆகிறது.
எரிவாயு எடுத்தாயிற்று. வெர்னா எடுத்தாயிற்று. டோரீன் எடுத்தாயிற்று.
திங்கள் மாலை திரையைத் திறந்தேன்:
நூற்றுத் தொண்ணூற்றொன்பது டாலர் நாற்பது சென்ட்.

கழிக்கப் பென்சில் தேவைப்படவில்லை.
ஓரின் வங்கிப் பக்கம் போயிருந்தால்
நானூற்றுப் பன்னிரண்டு பள்ளம்.
யாரோ ஒருத்தியின் சம்பளம் திரும்பியிருக்கும்,
அபராதம் முப்பத்தைந்து தனி.
கோபித்துக்கொண்டு போனவனின் ஒரு வாரக் கூலிமேல்
கொதிகலனும் ஆறு எந்திரமும் நானும்
ஏறி நின்றுகொண்டிருந்தோம்.
என் இருப்பு என்று நான் நினைத்தது
அவனுடையது.

செவ்வாய் பதினொன்றுக்கு ஓட்டல் பணம் வந்தது,
எய்னோவுக்குக் கொஞ்சம் முன்னால்.
அன்று இரவே எழுதினேன்:
ஓரின், ஏப்ரல் பாதி தாண்டினால்
வங்கி அந்தக் காசோலையை மறுக்கலாம். தயவுசெய்து போட்டுவிடு.
பின்கதவை நசுக்கியது நீ இல்லை,
ஓட்டல்காரர்களே பிறகு ஒப்புக்கொண்டார்கள்.
அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மார்லிஸ்.

ஏப்ரல் வங்கித்தாளில் அது இருந்தது.
ஒன்பதாம் தேதி, 2216, பற்று.
ஆறு மாதத்தில் முதல்முறையாக
நோட்டும் வங்கியும் ஒரே எண்ணைச் சொல்லின.
டிக் போடுமுன் காசோலையின் படத்தைப் பெரிதாக்கினேன்.
நாலாய் மடித்த கோடுகள். பின்பக்கம் அவன் கையெழுத்து,
அதற்கும் கீழே, வங்கி முத்திரையில் பாதி மறைந்து,
பொடி எழுத்தில்:

பக்கக் கண்ணாடியும் நான் இல்லை.