ஒன்பதாவது வளைவு

ஓமலூர் ரோட்டுக் கடையில்
இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் வாங்கியவர்
ஃப்ரிட்ஜோடு போய்விட்டார்.
அட்டைப்பெட்டியை நான் கேட்டு வாங்கி
வேனின் தலையில் கட்டினேன்.
கோரிமேடு வரும்வரை
காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது.

நிறைமதிக்கு ஏழு வயது.
அவளுக்கு ஒரு மலை வேண்டும்.

நிஜ மலை ஆகாது.
மூன்றாம் வளைவில் முகம் வெளுக்கும்.
ஐந்தில் எலுமிச்சம்பழம் மூக்குக்குப் போகும்.
ஒன்பதில் பாலித்தீன் பை.
இருபது கொண்டை ஊசியையும்
நாளுக்கு நான்கு தடவை
தோள்பட்டையால் எண்ணுகிறவனின் மகள்
ஏற்காட்டு ஏரியை
என் போனில்தான் பார்த்திருக்கிறாள்.

ஞாயிறு காலை மைதா காய்ச்சினோம்.
அடிப்பிடித்தது.
சுகந்தி எட்டிப் பார்த்து
"அது பால் சட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பெட்டியின் முகத்தில் சாய்வாக ஒரு பலகை.
ஐஸ் குச்சிகளை நிறுத்தி ஒட்டினால் சாலை.
சோடா பாட்டிலில் இருந்து வந்த கோலிக்குண்டு வண்டி.
சைக்கிள் டியூபை வெட்டி
மேலே ஏற்றும் விசை ஒன்று செய்தேன்.
குண்டு நான்காம் வளைவோடு மூச்சு வாங்கித்
திரும்பி வந்தது.
"கையில எடுத்துட்டுப் போய் வைக்கலாம்" என்றாள்.
அரை நாள் வேலையை அறுத்துப் போட்டேன்.

வளைவுகளுக்கு எண் எழுதினாள், மேலிருந்து.
மலையில் கீழிருந்து எண்ண வேண்டும்.
திருத்தவில்லை.

முதல் ஓட்டத்தில் பதினொன்றில் பாய்ந்த குண்டு
கட்டிலுக்கடியில் போய் நின்றது.
"வேகமா வர்றீங்கப்பா."
பதினைந்து வருஷ லைசென்ஸ்.
பேசாமல் பலகைக்கடியில் இருந்த
பழைய டைரிகளில் ஒன்றை உருவிச்
சரிவைக் குறைத்தேன்.

பிறகு கத்தரிக்கோலால் ஒன்பதில் ஒரு ஓட்டை போட்டாள்.
"இது என்ன?"
"வாந்தி. விழுந்தா அஞ்சு பாயிண்ட் போச்சு.
ஆனா திட்டக் கூடாது."
"யாரை?"
"குண்டை."

போன மே மாதம்.
பின்னால் பன்னிரண்டு பேர், புது சீட் கவர்.
நான் என்ன சொன்னேன் என்பது
எனக்கு நினைவில்லை என்றுதான்
இதுவரை நினைத்திருந்தேன்.

காசு போடும் துளை வெட்டியதும்
அவள் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தாள்.
இனி அவள்தான் மிஷின்.
ஒரு ரூபாய் போட்டால்
"பெல்ட் போடவும்" என்று சொல்லும்.
ஜெயித்தால் கேலண்டர் தாளைக் கிழித்து
டிக்கெட் நீட்டும்.
எதிர்வீட்டு ரிஸ்வான் ஆறு ரூபாய் தோற்றான்.
அவன் தங்கை குண்டை எடுத்து
நேராக இருபதில் வைத்தாள்.
மிஷின் கத்தியது.
நடுவில் மிஷினுக்குத் தாகம் எடுத்தது.
ஸ்ட்ராவைத் துளை வழியே நுழைத்து
மோர் கொடுத்தோம்.

எல்லோரும் போனபின் நான் ஒரு ரூபாய் போட்டேன்.
காசு திரும்பி வந்தது,
ஒரு தாளில் சுற்றி:
டிரைவர் பிரி.

ஒன்று, இரண்டு, மூன்று.
குச்சியில் தட்டித் தட்டி, சொன்ன பேச்சு கேட்டு
இறங்கியது குண்டு.
ஆறு. ஏழில் கொஞ்சம் யோசித்தது.
எட்டு.
ஒன்பதில் விழுந்தது.

பெட்டிக்குள் சத்தமே இல்லை.
அட்டையில் அச்சடித்த குடைப் படத்துக்குப் பக்கத்தில்
துளையிலிருந்து இரண்டு விரல்கள் வந்தன,
அவற்றின் நுனியில்
கசங்கிய எலுமிச்சை மிட்டாய்.

"ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல,
இன்னும் ரெண்டே வளைவுதான்"
என்றது மிஷின்.

பதினொன்று பாக்கி இருக்கும்போது
கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்து
நான் சொல்லும் பொய்.
என் குரலிலேயே சொன்னது,
கியர் மாற்றும் இடத்தில்
கொஞ்சம் நிறுத்தி.

மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு
குண்டைக் கையில் எடுத்தேன்,
மேலே கொண்டுபோய் வைக்க.