எதிரிழை

கோப்பையை நீட்டியதும் கேட்டார்:
"இதையா மிஸ் ஆராயப் போறீங்க?"
படிவத்தில் ஆரோக்கியம், த/பெ மிக்கேல்.
வயது அறுபத்தொன்று. செம்பனை லாரி.
நோய் அறிகுறி என்ற கட்டத்துக்கு மேலே
அந்தப் பெயரை எழுதும்போது
அவரே முதலில் சிரித்துவிட்டார்.

டாக்டரின் பரிசோதனைக் கூச்சம்
இன்னும் முகத்தை விட்டுப் போகவில்லை.
பீடோங் கிளினிக்கின் பின்பக்கம்
கழிவறைக் கதவு சரியாகச் சாத்தாது.
நான் திரும்பி நின்று
பழம் ஏற்றிப்போகும் லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆமாம், இதைத்தான்.
இதில் மிதக்கிறது
ஒரு மரபணுவின் மறுபக்கத்தில்
எதிர்த்திசையில் படியெடுத்த ஒரு வரி.

ஒருவன் மேலிருந்து பெயர் வாசித்துக்கொண்டு வருகிறான்,
அதே ஏட்டின் பின்பக்கத்தில்
இன்னொருவன் கடைசியிலிருந்து.
நடுவில் எங்கோ முட்டிக்கொள்கிறார்கள்.
சில நாள் முதலாமவன் குரல் அமுங்கிப்போகும்.
விடியற்காலைப் பெரட்டில்
காதில் விழாத பெயர்போல
ஒரு புரதம் அன்று வேலைக்கு இறங்காது.

குப்பை என்று நெடுங்காலம் ஒதுக்கியிருந்தார்கள்.
எதையும் சமைக்காதது
அடுப்படியில் ஏன் நிற்கிறது
என்று கேட்க ஆளில்லை.

மீலோ பொட்டலம் ஒன்று வாங்கி வந்து நீட்டினார்.
உறைபோட்ட கையால் வேண்டாம் என்றேன்.
முகம் சட்டென்று இறுகியது.
"எங்க கை பட்டா ஆகாதா?"

இல்லை அங்கிள்,
என் கைதான் ஆகாது.
விரல் நுனி வியர்வை பட்டாலே
அந்த வரி பொடிப்பொடியாகிவிடும்.
உங்கள் குழாயை மூடும்வரை
நான் என்னையே தொடக்கூடாது.

கொஞ்ச நேரம் என் கையுறையையே பார்த்தார்.
பொட்டலத்தை என் மோட்டார் கூடையில் வைத்தார்.

"சரி, அத அமுக்கிட்டா சீக்கு போயிருமா?"

அதற்கு நேர் எதிராய்ச் சிறு துண்டொன்று செய்து
அதன் மேலேயே ஒட்டவைக்கலாம்;
வாய் பொத்துபவனின் வாயைப் பொத்துவதுபோல.
எலிகளில் பார்த்திருக்கிறார்கள்.
மனிதர்களுக்கு
இன்னும் எத்தனை வருஷமோ.

"எலிக்கா?"
கிளினிக்கே திரும்பிப் பார்க்கச் சிரித்தார்.
"பழத்தைத் தின்னுதுன்னு
எலி பிடிக்க ஆந்தைக்குப் பெட்டி கட்டி வச்சிருக்கோம்.
மருந்து ஊத்தி வளக்கிற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

பெட்டியில் உலர்பனி புகைந்தது.
ஒரு வரியை மட்டும் எண்ணினால் போதாது என்றேன்.
எல்லார் உடம்பிலும் இருக்கும் இன்னொரு வரியையும் எண்ணி
இதற்கு அது எத்தனை பங்கு என்று பார்க்கவேண்டும்,
இல்லையென்றால் அன்று குடித்த தண்ணீரே
கணக்கைக் கெடுத்துவிடும்.

"அதான் டாரே" என்றார், சாதாரணமாக.
"லாரி பழத்தோட ஒருக்கா ஏறும்,
காலியா ஒருக்கா.
வெறும் லாரி எடை தெரியாம
பழத்துக்குக் காசு போடுவானா கிராணி?"

என் ஆய்வேட்டில் இரண்டு பக்கம் பிடித்த விஷயம்.

மூன்று வாரம் கழித்து
கடிதத்தோடு மில்லுக்கே போனேன்.
அலைபேசியில் சொல்லும் எண் இல்லை அது.
நோய் என்று அந்த எண் சொல்லவில்லை,
சுங்கைப்பட்டாணி போய்
சதை எடுத்துப் பார்க்கச் சொல்கிறது,
அவ்வளவுதான் என்றேன்.
அவ்வளவுதான் என்ற சொல்
என் வாயிலேயே தடுக்கியது.

படிக்கவில்லை. நான்காய் மடித்து
எடைச்சீட்டுகள் இருந்த சட்டைப்பையில் செருகினார்.
வரிசை நகர்ந்தது. லாரி மேடையில் ஏறியது.
சிவப்பு எண்கள் நிற்க மனமில்லாமல்
மேலும் கீழுமாய்த் துடித்தன.

ஜன்னல் வழியே தலையை நீட்டிக்
கிராணியிடம் கத்தினார்:

"பையில ஒரு கடுதாசி இருக்கு சார்.
அதையும் கழிச்சிக்கங்க."