நானூற்றுப் பதினேழு

பலகையில் முதலில் பூசியது
பல் அச்செடுக்கும் வெள்ளைச் சுண்ணம்.
காலாவதியான மூட்டை.
குப்பைக்குப் போகவிருந்ததை
கிளினிக்கிலிருந்து பஸ்ஸில் தூக்கி வந்தேன்,
மடியில் ஒரு பிள்ளை கனம்.

ரீகாவில் நவம்பர் என்றால்
நாலு மணிக்கே விளக்கு.
சமையலறை மேசைதான் பட்டறை.
பசை, பழைய எக்ஸ்ரே, வெங்காயச் சருகு,
மீன் டப்பாவை வினிகரில் ஊறப்போட்டு எடுத்த துரு.
எது எதோடு ஒட்டும் என்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.
சொல்லியிருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன்.

எக்ஸ்ரே ஒட்டாது.
கடன் வாங்கியவன் மாதிரி
கண்ணெதிரேயே நழுவும்.
உப்புத்தாளால் முதுகைத் தேய்த்துவிட்டால் ஒட்டும்.
வெங்காயச் சருகு முதல் நாள் பொன்,
மூன்றாம் நாள் வெங்காயச் சருகு.
முட்டையின் வெள்ளைக் கரு பளபளத்தது,
பிறகு நாறியது.
துரு மட்டும்
ஈரச் சுண்ணத்தில் விழுந்த இடத்திலிருந்து
நான் கேட்காத திசைக்கெல்லாம் நடந்தது.
அதைத் தடுக்கவில்லை.

ஒரு கடைவாய்ப்பல்லின் அச்சையும் வைத்தேன்,
ஆற்று நடுவில்,
தீவு மாதிரி.

விஸ்வால்திஸ் ஒன்றும் கேட்கமாட்டார்.
ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து
மடியில் தட்டை வைத்துக்கொண்டு
கறுப்பு ரொட்டி தின்பார்.
ஐந்து வாரமாக மேசையை
அவர் திருப்பிக் கேட்டதில்லை.

சனிக்கிழமை பனி கொட்டியது.
"பூட்ஸ் சீட்டை எங்கே வைத்தாய்?"
அடிப்பாகம் மாற்றக் கொடுத்த கடையின்
நீலத் துண்டுச் சீட்டு.

எனக்குத் தெரியும் எங்கே என்று.
ஆற்றுக்கு நீலம் போதவில்லை.

மேலே இரண்டு பூச்சு, மூன்று தாள், துரு.
உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன்.
முதல் குழியில் மிட்டாய் உறை வந்தது.
இரண்டாவதில்
யாரோ ஒருவரின் கீழ்த்தாடை நிழல்.
மூக்கெல்லாம் வெள்ளைத் தூள்.
மூன்றாவதில், தீவுக்குக் கொஞ்சம் இடப்பக்கம்,
ஏழின் கால் தெரிந்தது.
பிறகு ஒன்று.
பிறகு நான்கு.

பிய்த்தால் கிழியும்.
கடைக்குப் போன் போட்டு எண்ணைச் சொன்னேன்.
"சீட்டைக் காட்டாமல் பூட்ஸ் கிடையாது" என்றார் ஹரால்ட்ஸ்.
எண் சரி, வாய்வார்த்தை செல்லாதாம்.

விஸ்வால்திஸ் எழுந்தார்.
தட்டைக் கழுவி வைத்தார்.
கான்வாஸ் ஷூவுக்குள் பிளாஸ்டிக் பையைச் சுற்றினார்.
"பலகையைக் கொடு."

இரண்டடிக்கு மூன்றடி. பசை காயாத ஆறு.
அதைக் கதவுபோல் முன்னே பிடித்துக்கொண்டு
பதினோராம் டிராமில் ஏறியதைச்
சன்னலிலிருந்து பார்த்தேன்.
ஒட்டியது ஒட்டட்டும் என்று
துணி போர்த்தக்கூட மறந்திருந்தேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார்,
பூட்ஸோடு.

ஹரால்ட்ஸ் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி
பேரேட்டில் எண்ணைப் பார்த்தாராம்,
பலகையைப் பார்த்தாராம்,
மறுபடி பேரேட்டை.
"இது யாருடைய பல்?"
"அச்செடுத்துவிட்டு
வராமலே போன யாருடையதோ."
"சரி" என்று சொல்லி,
சட்டம் சட்டம்தான் என்பதுபோல
ரப்பர் முத்திரையை எச்சில் தொட்டு
ஓங்கிக் குத்தியிருக்கிறார்:
ஒப்படைக்கப்பட்டது.

ஊதா மை. சாய்வாக. ஆற்றின் குறுக்கே.

கீழ் மூலையில் தெருவுக்குத் தூவும் உப்பு.
டிராமில் எவளோ சாய்ந்த இடத்தில்
கையுறையின் சிவப்பு நூல், நீளமாக,
பசையில் பாதி முழுகி.

கோபப்படத்தான் வாயைத் திறந்தேன்.
அந்த இடத்தில் ஒரு கறுப்பு வேண்டும் என்று
பத்து நாளாக
ஒவ்வொரு கறுப்பாக வைத்து
வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

"நூலைப் பிடுங்கட்டுமா?" என்றார்.
"கையை எடுங்கள்" என்றேன்.

பலகையை ஹீட்டர்மேல் சாத்தினேன்.
பக்கத்தில் அவருடைய காலுறைகள்,
ஈரம் சொட்டச் சொட்ட.
அடுத்த பலகைக்கு
அந்தக் காலுறைகளைப் பார்க்கிறேன் என்பது
இன்னும் அவருக்குத் தெரியாது.