கட்டைவிரலுக்கு அடியில்

களியக்காவிளை சோதனைச்சாவடிக்கு எதிரே
கோழித்தீவனக் கடையின் மேல்மாடியில்
எனக்கொரு மேசை, ஒரு கணினி.
மெய்ப்புக்குப் பக்கம் பன்னிரண்டு ரூபாய்.

பதிப்பாளர் கோப்பு அனுப்பியிருந்தார்:
'மின்னூலுக்கு. வெள்ளிக்குள் வேண்டும்.'
மூலக்கோப்பு பழைய கணினியோடு போய்விட்டதாம்.
இது வேறு வழியில் வந்ததாம்.

எந்த வழி என்று முதல் பக்கமே சொன்னது:
ஊதா நிறத்தில் பாதி நூலக முத்திரை.
நாற்பத்தாறில் ஒரு கட்டைவிரல்,
நகத்தில் நெடுக வெடிப்பு.
புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி
படத்துக்குள் மாட்டிக்கொண்டது.

இந்த விரலின் மேல்தான்
போன ஆனியில் புகார் கொடுத்தார் அவர்.
'எழுதுகிறவன் வயிற்றில் அடிக்கிறான்' என்ற வரியை
இதே மேசையில் தட்டச்சு செய்தேன்.
நியாயம் என்று பட்டதால் காசு வாங்கவில்லை.

ஜன்னலுக்குக் கீழே லாரி நிற்கிறது.
இங்கிருந்து ரேஷன் அரிசியாகப் போவது
அந்தப் பக்கத்து ஆலையில் தீட்டுப்பட்டு
பேர் போட்ட சாக்கில் திரும்பி வரும்.
காலையில் நான் பொங்கித் தின்றதும் அதுதான்.

நூற்றுப் பதின்மூன்றில் பென்சில் கோடு.
'துணியில் கரை'. ரகரத்தை அடித்து
மேலே சின்னதாக ஒரு 'றை'.
அச்சுக்கு மெய்ப்புப் பார்த்தவள் நான்.
ஒன்பது வருடமாக எனக்குத் தெரியாது.
திருத்தியவர் படம் பிடித்தவனோ
முன்பு இரவல் எடுத்த எவரோ.
திருட்டுப் பிரதி
என் பிரதியைவிடச் சுத்தமாயிருந்தது.
ஏற்றுக்கொண்டேன், வேறென்ன செய்ய.

விரலுக்கு அடியில் மூன்று வரி போயிருந்தது.
எழுதியவரையே கூப்பிட்டேன்,
பாறசாலை ஞானாபரணம் சார்.
'மின்னூலா? எனக்க கிட்ட ஆரும் சொல்லல்லியே.'
அவர் வீட்டுப் பின்னால் ரயில் போய் முடியும்வரை
இருவரும் பேசவில்லை.
பிறகு வரிகளைக் கேட்டேன்.
'எனக்க கையில ஒரு பிரதி கிடையாது அம்மா.
கேட்டவனுக்கெல்லாம் குடுத்தாச்சு.
நானும் போன்ல அதைத்தான் வாசிச்சேன்.
அந்த நகம் எனக்கும் தெரியும்.'
சிரித்தாரா என்று சொல்லத் தெரியவில்லை.

நாற்பத்தாறையும் சேர்த்துத்தான் பில் போட்டேன்.
ஓரத்தில், மஞ்சள் கட்டத்துக்குள்,
பதிப்பாளருக்கு ஒரு குறிப்பு:

'இங்கே மூன்று வரி இல்லை.
உரியவரிடம் கேட்டு வாங்கவும்.'