கேற் மூடியிருந்தது

பத்து மணிக்கே பூட்டச் சொல்லிவிட்டார்கள்.
கோச்சி ஒன்றேகாலுக்குத்தான்.
கல்லோயாவில் சனம் தண்டவாளத்தில் இறங்கிவிட்டதாம்,
கந்தளாயில் பெண்கள் என்ஜினுக்கே மாலை போட்டார்களாம்.
சங்கிலியைப் பூட்டித் திறப்பைக்
காற்சட்டைப் பைக்குள் போட்டேன்.
அன்று முழுக்க அது தொடையில் குத்திக்கொண்டிருந்தது.

தம்பலகாமத்து வயல் குடலைப் பருவம்.
வரம்பெல்லாம் வெள்ளை வேட்டி.
முள்ளிப்பொத்தானையிலிருந்து தொப்பியோடு வந்தவர்கள்
தனியே நிற்கப் பார்த்தார்கள்; இடமில்லை.
தந்திக் கம்பத்தில் ஒரு பெடியன்.
சீனக்குடா எண்ணெய்த்தாங்கி ஆட்கள்
கறுப்புத் துணி கிடைக்காமல்
குடைச்சீலையைக் கிழித்துக் கையில் கட்டியிருந்தார்கள்.

அங்கு நின்றவர்களில் அவரை நேரில் கண்டவன் நான் ஒருவன்.
இதே கேற்றுக்கு வெளியே கார் நின்றது.
கண்ணாடியை இறக்கி, எவ்வளவு நேரமாகும் என்றார்.
ஏழு நிமிசம் ஐயா என்றேன்.
கோச்சி இருபது நிமிசம் பிந்தியது.
அவர் பேப்பர் படித்தார்.
அவ்வளவுதான்.
செத்த செய்தி வந்ததிலிருந்து
அதைத்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்;
சொல்லச் சொல்ல அவர் என்னோடு
கூடுதலாய்ப் பேசத் தொடங்கினார்.

பன்னிரண்டரைக்குப் பறை கேட்டது.
ஆரோ நல்லாய் ஒழுங்கு செய்திருக்கினம் என்றார்கள்.
இல்லை.
நான்கு தோளில் ஒரு பாடை.
மடை காவல் இளையவி,
நேற்றிரவு காய்ச்சலில் போனவன்.
சுடலை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்.

இளையவியின் தம்பி என்னைப் பார்த்தான்.
நான் பொலிஸ்காரர் விஜேக்கோனைப் பார்த்தேன்.
அவர் தன் சப்பாத்தைப் பார்த்தார்.
கோச்சி போகட்டும் என்றேன்.

தூக்கின பாடையை நடுவழியில் இறக்கக்கூடாது.
தோள் மாற்றினார்கள். திரும்பவும் மாற்றினார்கள்.
பிறகு எண்ணெய்த்தாங்கி ஆட்கள் இருவர்
ஆரென்று கேளாமலே குனிந்து தோள் கொடுத்தார்கள்.
தொப்பியைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு
இன்னொருவர்.

படலையோடு நின்றிருக்க வேண்டியவள் நல்லம்மை.
பிணத்தின் பின்னாலேயே வந்துவிட்டாள்.
கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு,
தண்ணி பங்கிட்ட ராசா
தாகத்தோட போனியளே
என்று எடுத்தாள்.

காலையிலிருந்து
படத்தில் மட்டும் பார்த்த முகத்துக்கு
எப்படி அழுவதென்று தெரியாமல் நின்ற பெண்கள்
அந்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள்.
அவரும் ஏதோ அணை கட்டியவர்தானே.
வார்த்தை பொருந்தியது.
வரம்பு வரம்பாய் அது போய்
பாலம்போட்டாற்றுப் பக்கம்
ஆண்களின் தொண்டையில் ஏறியது.

அப்போதுதான் கோச்சி வந்தது,
நடக்கிற வேகத்தில்,
முகப்பில் வெள்ளைத்துணி கரி பிடித்து.
நான் பச்சைக் கொடியை நீட்டினேன்.
சாவுக்கும் பச்சைதான் காட்டவேண்டும்.
கண்ணாடிப் பெட்டிக்குள் பூ, பூ,
பூவுக்கு நடுவே மரத்தின் ஒரு விளிம்பு,
பக்கத்தில் கழுத்து வியர்வையைத் துடைக்கும் சிப்பாய்.
கும்பிட எனக்குக் கை இல்லை.
டிரைவர் தொப்பியைக் கழற்றினார்.
அவர் நின்ற பக்கம்
பாடை இருந்த பக்கம்.

கடைசிப் பெட்டியும் போனது.
சீனக்குடாவிலிருந்து மணி வரும்வரை
திறக்கக்கூடாது என்பது சட்டம்.
திறந்தேன்.
சனம் கோச்சியின் பின்னால் கொஞ்சம் ஓடியது,
களைத்தது,
திரும்பிப் பறையின் பின்னால் நடந்தது.
இளையவியின் சுடலைக்கு
அன்று போனவர்கள் ஆயிரம் இருக்கும்.
விறகு மட்டும் கொஞ்சம் ஈரம்.

மறுநாள் பேப்பரில்
தம்பலகாமம் பறை முழங்கி விடைகொடுத்தது என்றிருந்தது.
படத்தின் மூலையில் ஒரு மூங்கில் முனை.
நல்லம்மை அந்தத் துண்டை மட்டும் கேட்டாள்.
வெட்டிக் கொடுத்தேன்.

கேற் புத்தகத்தில் நேரம் எழுதினேன்.
முன்கூட்டித் திறந்ததற்குக் காரணம்: பிரேதம்.
எந்தப் பிரேதம் என்று
கொழும்பிலிருந்து இன்றுவரை
ஒருவரும் கேட்கவில்லை.