எட்டாம் பத்தி

சத்துவாச்சாரியில் எனக்கொரு மேசை.
மேலே நிவாரணக் கோப்புகள்.
மின்னல், பாம்பு, இடிந்த சுவர்,
அப்புறம் நீர்.
நீர்தான் அதிகம்.

பெயர், வயது, தகப்பன் பெயர், ஊர்.
ஐந்தாம் பத்தி நாள். ஆறாம் பத்தி நேரம்,
பெரும்பாலும் மதியம், பெரும்பாலும் லீவு.
ஏழாம் பத்தி இடம்:
ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு மோட்டார் கிணறு,
பள்ளிகொண்டாவைத் தாண்டி மணல் அள்ளிய குழி,
பொன்னை போகிற வழியில் கல்குட்டை.
எட்டாம் பத்தி காரணம்.
'நீரில் மூழ்கி' என்று எழுதுகிறோம்.
நீரா காரணம்?

"பாலாத்துல தண்ணியே கெடையாது மேடம்,
பாப்பாவுக்கு நீச்சல் இன்னாத்துக்கு?"
பக்கத்து மேசை ஞானசிகாமணி கேட்கிறார்.
சிரித்துவைத்தேன்.
தண்ணீர் இல்லாத ஆறுதான் சார் ஆபத்து.
வருஷமெல்லாம் மணலையே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு
ஐப்பசியில் நிரம்பி நிற்கிற குழியும்
தரை மாதிரிதான் தெரியும்.
இதைச் சொல்லவில்லை. டீ வந்துவிட்டது.

மிதிலாவுக்கு மூன்றரை வயது.
காட்பாடியில் ஒரு நீலக் குளம்,
சனி ஞாயிறு, காலை ஆறேகால்.
மாதம் ஆயிரத்து நானூறு.
சீட்டுப் பணத்தில் கை வைத்தேன்.

சொல்லித்தருகிற ருஹீனாவுக்கு இருபத்திரண்டு.
முழுக்கை உடையில் இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு
நீச்சல் என்ற சொல்லையே அவள் எடுக்கவில்லை.
முதல் வாரம்: ஊது.
சூடான ரசத்தை ஊதுகிற மாதிரி, தண்ணீருக்குள்ளே.
மூன்றாம் வாரம்: படி எங்கே? கண்ணை மூடிக்கிட்டுக் காட்டு.
விழுந்தால் திரும்பு. திரும்பினால் பிடி.
அப்புறம் ஒரு ஞாயிறு மல்லாத்திப் படுக்கவைத்து
கழுத்தடியிலிருந்து இரண்டு விரலை எடுத்தாள்,
பிறகு மிச்சத்தையும்.

நான் குளத்து விளிம்புக் குழாயைப் பிடித்திருந்தேன்.
அவள் மிதந்தாள்.
வாய் லேசாகத் திறந்திருந்தது.
ஜங்ஷனில் ஏதோ ரயில் கூவிப் போனது.
காது நீருக்குள் இருந்ததால்
அவளுக்குக் கேட்கவில்லை.

இப்போது தலைக்கு ஊற்றினால் அழுவதில்லை.
இரண்டு இட்லி நாலாகிவிட்டது.
அக்னி நட்சத்திரப் புழுக்கத்திலும்
ஒன்பதுக்கெல்லாம் கவிழ்ந்து தூங்குகிறாள்.
எதிர்வீட்டு நாயிடம் தன் முழுப்பெயரைச் சொல்கிறாள்.
நல்லதுதான். ஆனால் நான் பணம் கட்டியது
இதற்கெல்லாம் இல்லை.

"நீச்சல் தெரிஞ்ச பிள்ளையும் முழுகும்க்கா,"
ருஹீனா துண்டைப் பிழிந்தபடி சொன்னாள்,
"பக்கத்துல ஒரு கண்ணு இருந்துகிட்டே இருக்கணும்.
இது அரை நிமிஷம் வாங்கித் தரும். அவ்ளோதான்."

அரை நிமிஷம்.
என் கோப்புகளில் ஒருத்தருக்கும் அது வாய்க்கவில்லை.
ஒருத்தி மிதந்துபோன செருப்பை எடுக்க இறங்கினாள்.
ஒருவன் தம்பியை எடுக்க இறங்கினான்.
ஒரே குழி, ஒரே மதியம்,
பதிவேட்டில் இரண்டு வரி,
தகப்பன் பெயருக்கு நேரே 'மேற்படி'.

நேற்று திரும்பும்போது வண்டியில் கேட்டாள்:
"நீ ஏம்மா உள்ள வரல?"
சிக்னல் விழுந்தது. பதில் சொல்லாமல் கிளம்பினேன்.

முப்பத்தாறு வருஷம்
சோப்பு நுரை போகத் தவிர
நீருக்கு முகம் கொடுக்காதவள்
சாயங்காலம் குளியலறையைத் தாழிட்டு
பச்சை பக்கெட்டுக்கு முன்னால் மண்டியிட்டேன்.
மூன்று எண்ணுவதற்குள் மூக்கில் ஏறி
நெற்றிவரை எரிந்தது. இருமினேன்.
கதவின் கீழ்ச் சந்தில்
இரண்டு சின்னக் கால் நிழல்.

"உறிஞ்சாதம்மா.
ஊது."